சாயங்காலம் ஆனால் வீடியோ கால் உறைகிறது: 100-ஐ விட்டு 300-க்கு மாறலாமா?

ஜூன் 2, இரவு 9.40 (வாசகர் கேள்வி)

வீட்டுல நாலு பேர். இப்ப இருக்கறது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான். எனக்கும் மனைவிக்கும் வீட்டுலேருந்தே வேலை. பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் வகுப்பு, கேம், வீடியோ எல்லாம் இதுலதான். சாயங்காலம் ஆச்சுன்னா வீடியோ கால்ல முகம் அப்படியே உறைஞ்சு போகுது, குரல் வெட்டி வெட்டி வருது. ஆனா ஸ்பீடு டெஸ்ட் போட்டா 90-க்கு மேலதான் காட்டுது. கம்பெனிக்குப் போன் பண்ணினா, 300-க்கு மாறிடுங்க, எல்லாம் சரியாயிடும்ங்கறாங்க. மாறிடலாமா, இல்ல கம்பெனியையே மாத்தணுமா?

ஜூன் 2, இரவு 10.25

மாறாதீர்கள். இப்போதைக்கு எதற்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. 1080பி-க்கு 5. பலர் சேர்ந்த வீடியோ கால், நல்ல தரத்தில் போனாலும், ஆளுக்கு 3 அல்லது 4. கேம் விளையாடும்போது போய்வரும் டேட்டா மிகக் கொஞ்சம். புது கேமையோ அப்டேட்டையோ இறக்கும்போதுதான் அது லைனை நிரப்பும். நீங்கள் இருவரும் காலில், பிள்ளைகள் இருவரும் தனித்தனியாக 4கே படம் என்றே வைத்தாலும் 40 பக்கம்தான் வருகிறது. உங்கள் கையில் 90 இருக்கிறது. பாதிகூடச் செலவாகாத இடத்தில் மூன்று மடங்கு வாங்கி என்ன ஆகப் போகிறது?

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பிளானில் அப்லோட், அதாவது மேலே ஏற்றும் வேகம், எவ்வளவு என்று போட்டிருக்கிறது? கால் உறையும்போது நீங்கள் வைஃபையில் இருக்கிறீர்களா, லேன் கேபிளிலா? அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய சாதனமாவது எதையாவது மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறதா?

ஜூன் 2, இரவு 10.40

இன்னொன்று. அந்த 90 எந்த அறையில், எந்தச் சாதனத்தில் எடுத்தது? ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த எண், கதவைச் சாத்திய படுக்கையறையின் எண் ஆகாது.

ஜூன் 3, காலை 7.15

இரவு இதை நினைத்துக்கொண்டேதான் படுத்தேன், ஏனென்றால் இதே தொல்லையை நானும் பட்டிருக்கிறேன். எனக்குப் பெரிய ஒலிக் கோப்புகளை அனுப்புகிற வேலை. கோப்பு மேலே போகத் தொடங்கினால் போதும், பக்கத்து அறையில் நடக்கும் கால் அறுந்துவிடும். டவுன்லோட் வேகம் மட்டும் குறையே சொல்ல முடியாதபடி இருக்கும்.

ஒருநாள் மடிக்கணினியில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, 1.1.1.1 என்ற இணைய முகவரிக்கு பிங் கட்டளையை நிற்காமல் ஓடவிட்டேன். ஒரு சின்னச் செய்தி அங்கே போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது சொல்லும். 9, 11, 10, 9, 10 மில்லிசெகண்ட் என்று வரிவரியாக அமைதியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஃபோனில் புகைப்பட பேக்கப்பைத் தட்டினேன். அடுத்த வரி 64. அதற்கடுத்தது 190. பிறகு 380, 540, 610. நடுவில் ஒரு வரி பதிலே வரவில்லை. பேக்கப்பை நிறுத்தியதும் இரண்டு வரிக்குள் மறுபடி 11. இந்த நேரம் முழுக்க வைஃபை சின்னத்தில் எல்லாக் கோடும் நிறைந்தே இருந்தது.

நடப்பது இதுதான். அப்லோட் பாதை நிரம்பியதும், அதற்கு மேல் வரும் பாக்கெட்டுகளை, அதாவது டேட்டாவின் சிறு துண்டுகளை, மோடமோ ரூட்டரோ தன் நினைவகத்தில் வரிசை கட்டி நிறுத்துகிறது. குறுகலான வாசலில் மூட்டை சுமப்பவர்கள் வரிசையாக நிற்கும்போது, கையில் ஒரே ஒரு சீட்டு வைத்திருப்பவரும் அவர்கள் பின்னால் நிற்க வேண்டியதாகிறது. கால் அனுப்பும் குரல் பாக்கெட்டுகள் அந்தச் சீட்டுக்காரர்கள். அரை நொடி தாமதித்து வந்த குரலால் யாருக்கும் பயனில்லை, ஆப் அதைத் தூக்கி எறிகிறது. நீங்கள் கேட்கும் வெட்டு அதுதான்.

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்து ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவர் ஜிம் கெட்டிஸ். மருந்தும் உண்டு. வரிசையில் சின்னவர்களைக் காக்கவைக்காமல் விடும் முறை ஒன்று, எஃப்கியூ-கோடெல் என்பது, 2018-ல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போடும் ரூட்டர்களில் எஸ்கியூஎம் என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. விலைக்கு வாங்கும் சில ரூட்டர்களிலும் எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்று அமைக்கும் க்யூஓஎஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் இதைப் பார்க்கலாம். உண்மையாகக் கிடைக்கும் அப்லோட் வேகத்தில் 90 சதவீதத்தை அதில் உச்சவரம்பாகக் கொடுத்தால், வரிசை மோடத்தில் தேங்காமல் ரூட்டரின் கைக்கு வந்துவிடும். அப்லோட் கொஞ்சம் மெதுவாகும், கால் அறாது.

பேக்கப் ஓடும்போது இணையதளங்கள் திறக்கவே திணறுவதும் இதனால்தான். நீங்கள் இறக்குகிற ஒவ்வொன்றுக்கும் "வந்து சேர்ந்தது" என்ற சிறு பதில் மேலே போக வேண்டும். அது வரிசையில் மாட்டிக்கொண்டால் எதிர்முனை அடுத்ததை அனுப்பத் தயங்கும்.

ஜூன் 3, பகல் 1.05

உங்கள் பதிலைப் பார்த்தேன். பிளானில் டவுன்லோட் 100, அப்லோட் 10. சாயங்காலம் மகன் வெளியே போய்விட்டு வந்து வைஃபையில் சேர்ந்ததும் அவன் ஃபோன் வீடியோக்களை மேலே ஏற்ற ஆரம்பிக்கிறது. அப்புறம் என்ன, ஆள் அகப்பட்டுவிட்டார். இருவர் கால் பேசினாலே 10-ல் 7, 8 போய்விடும். மிச்சத்துக்கு வீடியோ பேக்கப் வந்து முட்டுகிறது.

பேக்கப்பை நள்ளிரவுக்கோ, சார்ஜ் ஏறும் நேரத்துக்கோ தள்ளிவைக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள். காசு செலவில்லாத வேலை. ஸ்பீடு டெஸ்ட்டையும் ஊக்லா, கிளவுட்ஃபிளேர் தளங்களில் ஒன்றில் மறுபடி போட்டு, பளு ஏறிய நேரத்துத் தாமதம் என்று தனியாகக் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் காட்டும் டவுன்லோடை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

ஜூன் 3, இரவு 8.50

நேற்று "மாறாதீர்கள்" என்று ஒரே போடாகப் போட்டேன். அப்லோட் 10 என்று தெரிந்த பிறகு அதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த 300 பிளானில் அப்லோட் எவ்வளவு? அதுவும் 10 அல்லது 20 என்றால் என் பதில் மாறவில்லை. அதிலேயே அப்லோடும் 100, 300 என்று வந்தால் அது வேறு பிளான், உங்கள் வீட்டுக்கு அது உதவும். விளம்பரத்தில் ஒரே ஒரு எண்தான் இருக்கும், அது டவுன்லோட். இன்னொன்றைக் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் எழுத்தில்.

இருபக்கமும் சமமான 50/50 பிளான் எங்காவது கிடைத்தால், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இருவருக்கு 300/20-ஐ (டவுன்லோட் 300, அப்லோட் 20) விட அதைத்தான் நான் எடுப்பேன். இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். அன்றாடம் கோப்பும் முகமும் குரலும் மேலே அனுப்புகிறவர்கள் ஒரு வாரம் அப்படி ஒரு லைனில் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜூன் 4, காலை 6.30

இன்னொருவர் இடையில் கேட்டிருக்கிறார்: "300 பிளானுக்கு மாறி ரொம்ப நாளாகிறது, லேனில் போட்டாலும் 94-க்கு மேல் ஏறவே இல்லை. ஏமாற்றுகிறார்களா?"

94 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியது. 100 எம்பிபிஎஸ் போர்ட் வழியாக ஸ்பீடு டெஸ்ட் போட்டால் வரும் உச்சம் ஏறக்குறைய அதுதான். ரூட்டரின் போர்ட் பழைய வகையாக இருக்கலாம், மடிக்கணினியில் செருகும் அடாப்டர் அப்படி இருக்கலாம், கேபிளே பழுதாக இருக்கலாம். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். 100-க்கு நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஜிகாபிட்டுக்கு மட்டும் வேண்டிய மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் இரண்டு முனையும் பேசிவைத்துக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும், எங்கேயும் புகார் சொல்லாது. கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்றிருக்கிறதா 1000 என்றிருக்கிறதா என்று பாருங்கள். ஜிகாபிட் போர்ட்டில்கூட முழு 1000 தெரியாது, 940 அளவில் நிற்கும். அது சரியான எண்தான்.

முதலில் கேட்டவருக்கும் இது பொருந்தும். உங்கள் 90-க்கு மேல் என்பது பிளானின் எல்லையா, போர்ட்டின் எல்லையா என்று இப்போது தெரியாது. அதைப் பார்க்காமல் 300 போட்டு, பிறகும் 94-ஐயே பார்த்துக்கொண்டிருக்க நேரலாம்.

ஜூன் 4, காலை 6.45

100 எம்பிபிஎஸ் பிளானில் கோப்பு நொடிக்கு 12 எம்பி-தான் இறங்குகிறது என்று வேறொருவர் கேட்டிருந்தார். சரியாகத்தான் இருக்கிறது. பிளான் பிட்டில், கோப்பு பைட்டில். எட்டால் வகுத்தால் 12.5.

ஜூன் 5, இரவு 9.30

வைஃபை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குறை சொல்லப்படும் லைன்களில் பலவற்றில் லைன் நன்றாகவே இருக்கும், வீட்டுக்குள்தான் சிக்கல்.

வைஃபை ஓடும் அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடியில் இருபது ரூட்டரும் அந்த மூன்றில்தான் நெரிசல் படுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அதே 2.45 பக்கம். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகம் அதிகம், இரண்டு சுவர் தாண்டினால் துவண்டுபோகும். எனவே ரூட்டரை வைக்கும் இடமே பாதி வேலை. டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், தரையோரம், இந்த மூன்று இடத்திலும் வைக்காதீர்கள். வீட்டின் நடுவே, தலைக்கு மேல் உயரத்தில், திறந்தவெளியில் இருக்கட்டும்.

சிக்னல் எட்டாத அறைக்கு, வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் எக்ஸ்டெண்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்பும் வகை வேகத்தைப் பாதியாக்கும். முடிந்தால் அந்த அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே வைஃபை பரப்பும் இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் வையுங்கள். நான் சுவரோரமாகக் கேபிள் இழுத்த பிறகு என் மேஜை கணினி வைஃபை பக்கமே போகவில்லை. டிவி, மேஜை கணினி போல இடம் நகராத எதையும் கேபிளில் போட்டால், நகரும் சாதனங்களுக்குக் காற்றில் இடம் மிஞ்சும்.

ஜூன் 6, பகல் 12.10

"எங்கள் பக்கம் ஃபைபரே இல்லை, 5ஜி வீட்டு இணைப்பும் சாட்டிலைட்டும்தான்" என்கிறவருக்கு:

சாட்டிலைட் என்றால் எந்த உயரத்தில் என்று முதலில் கேளுங்கள். பழைய வகை 35,786 கிலோமீட்டரில், பூமியோடு சேர்ந்து சுழலும் சுற்றுப்பாதையில் நிற்பது. கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதில் மறுபடி மேலே போய்க் கீழே வர, ஒளியின் வேகத்திலேயே 477 மில்லிசெகண்ட் ஆகும். எந்த பிளான் வாங்கினாலும் அது குறையாது. படம் பார்க்கலாம், கால் பேசுவது சிரமம், வேக விளையாட்டு நடக்காது. ஸ்டார்லிங்க் போன்றவை 550 கிலோமீட்டர் அளவில் தாழப் பறப்பதால் தாமதம் பல மடங்கு குறைவு. அதற்கு வானம் மறைக்காத இடம் வேண்டும். ஒரு மரக்கிளை குறுக்கே வந்தாலும் நொடிக்கணக்கில் அறுந்து சேரும்.

5ஜி வீட்டு இணைப்பில் டவரைப் பக்கத்தில் இருக்கும் எல்லோரும் பங்கு போடுகிறார்கள். காலை எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் இரவு ஒன்பது மணிக்குப் போட்டுப் பாருங்கள், சாதனத்தை ஒவ்வொரு ஜன்னலாக நகர்த்தியும் பாருங்கள். செம்புத் தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல் என்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்தோ தெருப்பெட்டியிலிருந்தோ உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்பதுதான் எல்லாம். பக்கத்துத் தெருவில் வரும் வேகம் உங்களுக்கு வராது.

ஜூன் 6, இரவு 10.00

ஃபைபரிலும் பங்கு உண்டு, அதை விட்டுவிட்டேன். பல வீடுகளுக்கு வரும் ஜிபான் வகையில் ஒரு இழையின் 2.488 ஜிபிபிஎஸ் டவுன்லோடை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். அப்லோட் பக்கம் 1.244. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முழுவேகம் இழுத்தால் 64-ல் ஒருவருக்கு 39 எம்பிபிஎஸ் கூட வராது. எல்லோரும் ஒன்றாக இழுப்பது அபூர்வம் என்பதால் வண்டி ஓடுகிறது.

சோதிக்க வழி இருக்கிறது. லேனில் செருகி, மற்ற சாதனங்களை அணைத்துவிட்டு, விடியற்காலையில் ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை. காலையில் 95, இரவில் 30 என்றால் நெரிசல் கம்பெனி பக்கம். அங்கே 300 வாங்கினாலும் அதே நெரிசலில்தான் நிற்கப் போகிறீர்கள். கம்பெனி மாற்றும் நேரம் அது. இரண்டும் ஒன்றாக இருந்தால் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஜூன் 8, காலை 11.20

டேட்டா வரம்பு. "அன்லிமிடெட்" என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் நியாயப் பயன்பாட்டு எல்லை என்று ஒன்று வைத்திருப்பார்கள். தாண்டினால் வேகம் எவ்வளவாக இறங்கும் என்ற எண்தான் முக்கியம். 1 எம்பிபிஎஸ் ஆகிவிட்டால் உங்கள் நாலு பேர் வீடு அன்றோடு படுத்துவிடும்.

4கே படம் 15 எம்பிபிஎஸ்ஸில் மணிக்கு 6.75 ஜிபி. தினம் மூன்று மணி நேரம் ஒரு டிவி ஓடினால் மாதம் 600 ஜிபி. இன்னொன்றும் கவனியுங்கள்: 1 டிபி எல்லையை 100 எம்பிபிஎஸ் முழுவேகத்தில் 22 மணி நேரத்தில் தீர்க்கலாம், 1000 எம்பிபிஎஸ்ஸில் 2 மணி 13 நிமிடம் போதும். வேகத்தைப் பத்து மடங்காக்கி எல்லையை அப்படியே வைக்கும் பிளான் யாருக்காக என்று எனக்குப் புரியவில்லை.

ஜூன் 8, மாலை 4.45

வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க, வீட்டுச் சர்வரைத் தொட நினைப்பவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். ரூட்டரின் நிலைப் பக்கத்தில் WAN முகவரி, அதாவது கம்பெனி பக்கத்து இணைய முகவரி, 100.64-லிருந்து 100.127 வரைக்குள் ஆரம்பித்தால், உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 எனும் பழைய வகை இணைய முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்தது, இதற்கென்று அந்த வரிசையை 2012-ல் ஒதுக்கினார்கள். படம் பார்க்க, கால் பேச இதனால் தொல்லையில்லை. கேமராவுக்கு அதன் நிறுவனத்து ஆப் வழியே போவதானால் அதற்கும் இல்லை. நேரடியாக உள்ளே வர வேண்டும் என்றால் பொது முகவரி தருவார்களா, புது வகை முகவரியான ஐபிவி6 இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

ஜூன் 11, இரவு 9.15

பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றியதும் கால் நன்றாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் "வாரத்தில் ஓரிரு முறை முழுசாகவே லைன் போய் வருகிறது, சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறது" என்பது முற்றிலும் வேறு கதை.

எல்ஓஎஸ் என்று எழுதிய அந்தச் சிவப்பு விளக்கு, இழை வழியாக ஒளியே வரவில்லை என்கிறது. பிளான், ரூட்டர், வைஃபை எதையும் தொட வேண்டாம். என் வீட்டில் அது விட்டுவிட்டு எரிந்தபோது சாதனத்தின் நிலைப் பக்கத்தை உலாவியில் திறந்தேன், ஆப்டிகல் பவர் மைனஸ் 29 டிபிஎம் என்று இருந்தது. டிபிஎம் என்பது வரும் ஒளியின் வலிமையை அளக்கும் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. ஜிபானில் பரவலாக உள்ள வகைக்கு மைனஸ் 27-க்குக் கீழே போனாலே தடுமாற்றம். அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். பெட்டியிலிருந்து வரும் மெல்லிய மஞ்சள் கயிறு, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கி, ஒரு இடத்தில் மடித்த காகிதத்தின் ஓரம்போல் கூராக வளைந்திருந்தது. மெதுவாக விடுவித்து, பெரிய வளையமாகச் சுற்றி வைத்தேன். பக்கத்தை மறுபடி திறந்தால் மைனஸ் 21. அதற்குப் பிறகு அந்த விளக்கு எரியவில்லை.

எந்த இழையானாலும் 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைத் தலை கொண்ட இணைப்பான் 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலம் சாய்வில்லாதது. பச்சையை நீலத்தில் செருகக் கூடாது. கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் விடுவித்தும் எண் ஏறவில்லை என்றால் அந்த எண்ணையே புகாரில் எழுதுங்கள். "நெட் வரவில்லை" என்றால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "மைனஸ் 29" என்றால் ஆள் அனுப்புவார்கள்.

ஜூன் 14, பகல் 2.30

சமமான 100/100 தரும் இன்னொரு கம்பெனி உங்கள் கட்டடத்துக்கு வந்திருக்கிறது என்றீர்கள். அப்லோடுக்காக மாறுவது நியாயமான காரணம், மாறுங்கள். சேரும் முன் இவற்றைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்: அறிமுகச் சலுகை முடிந்த பிறகு மாதக் கட்டணம் என்ன, ஒப்பந்தம் எத்தனை மாதம், நடுவில் விலகினால் என்ன பிடிப்பார்கள், ரூட்டர் வாடகையா சொந்தமா, சொந்த ரூட்டர் போடலாமா, போட்டால் அவர்கள் சாதனத்தை பிரிட்ஜ் நிலையில், அதாவது ரூட்டர் வேலையை உங்கள் ரூட்டருக்கே விட்டுவிடும் நிலையில், வைத்துத் தருவார்களா. இந்தக் கடைசிக் கேள்விக்கு விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் விழிப்பார்கள். தொழில்நுட்பப் பிரிவுக்கு இணைக்கச் சொல்லுங்கள்.

புது லைன் வந்த அன்றே பழையதை வெட்ட வேண்டாம். கொஞ்ச நாள் இரண்டும் ஓடட்டும், சாயங்கால நெரிசலை லேனில் அளந்து பாருங்கள். பழைய கம்பெனிக்குச் சாதனத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் தொடர் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். எனக்கு ஒரு கம்பெனி, திருப்பிக் கொடுத்த பெட்டிக்கே பில் அனுப்பியது. அந்த ரசீதின் படம் ஃபோனில் இருந்ததால் ஒரே மின்னஞ்சலில் ரத்து செய்தார்கள்.

ஜூன் 14, பகல் 2.40

அடாப்டரையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கும் தனியாக எழுதுவார்கள்.